பங்குல பேர் குடுத்தாச்சா? அமெரிக்க கத்தோலிக்க பாரிஷ் (பங்கு) பத்தி புதுசா வர்றவங்களுக்கு

ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணி, புள்ளைக்கு ஞானஸ்நானம் வச்சிருக்கோம், நீதான் ஞானத்தகப்பன்னு சொன்னான். சந்தோசமா சரின்னுட்டேன். அவங்க இருக்குறது வேற ஸ்டேட். அங்க இருந்து ஒரு ஃபார்ம் மெயில்ல வந்துச்சு, இவர் எங்க பங்கைச் சேர்ந்தவர், ஒழுங்கா பூசைக்கு வர்றவர்னு என்னோட பாரிஷ்ல கையெழுத்தும் சீலும் வாங்கி அனுப்பணுமாம். இதுல என்ன இருக்கு, மூணு வருசமா அதே கோயில், அதே பத்து மணி பூசை, அதே இடது பக்கம் நாலாவது பெஞ்சு. ஆபீசுக்கு போனேன். செக்ரட்டரி அம்மா கம்ப்யூட்டர்ல என் பேரை ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி ரெண்டு தடவை தேடிட்டு, சிரிச்ச முகமா, "நீங்க இங்க ரிஜிஸ்டர் பண்ணலையே"ன்னாங்க. வாராவாரம் கூடையில காசு போட்டேனே தாயேன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா போட்டதெல்லாம் ரொக்கம், ரொக்கத்துக்கு ஏது சாட்சி.

அமெரிக்காவுல பாரிஷ்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது அந்த ஆபீஸ் வாசல்லதான். நம்ம ஊர்ல பங்கு நம்மள தேடி வரும். பொறந்த வீடு எந்த தெருவுல இருக்கோ அதுதான் உங்க பங்கு, உபதேசியார் வீடு தேடி வருவார், திருவிழா வரி பிரிக்க ஊர் கமிட்டி வரும், கல்யாண ஓலைக்கு சாமியார்கிட்ட போனா உங்க தாத்தா பேரையும் சேர்த்து சொல்லுவார். இங்க யாரும் வரமாட்டாங்க. நீங்கதான் போய் பேர் குடுக்கணும்.

முதல்ல அடிப்படை. பாரிஷ்னா பங்கு, அதாவது ஒரு ஏரியாவுல இருக்குற கத்தோலிக்க மக்கள், அவங்களுக்கு ஒரு கோயில், ஒரு பங்குத்தந்தை. பல பங்கு சேர்ந்தா ஒரு மறைமாவட்டம், அதுக்கு ஒரு ஆயர் (பிஷப்). எபிஸ்கோபல் சபைக்காரங்களும் பாரிஷ்னு சொல்லுவாங்க, லூசியானா மாநிலத்துல கவர்ன்மென்டே மாவட்டத்தை பாரிஷ்னுதான் சொல்லுது, அது பழைய பிரெஞ்சு, ஸ்பானிஷ் காலத்து மிச்சம், அத விட்டுருங்க. பாப்டிஸ்ட் மாதிரி சபைங்கள்ல போதகரை மக்களே பேட்டி எடுத்து ஓட்டு போட்டு வேலைக்கு வைக்கிறாங்க. கத்தோலிக்க பங்குல அந்த கதையே இல்ல, ஆயர் அனுப்புறவர்தான் சாமியார், பெரும்பாலும் ஆறு வருசம், இன்னொரு ஆறு வருசம் நீட்டிக்கலாம், அப்புறம் ஒரு நாள் பூசை முடிவுல லெட்டர் வாசிப்பாங்க, எல்லாரும் அழுவாங்க, புது சாமியார் வருவார்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. திருச்சபைச் சட்டப்படி பார்த்தா நீங்க ஒரு ஏரியாவுக்கு குடி வந்தாலே அந்த பங்கோட ஆள்தான், ரிஜிஸ்டர் பண்ணணும்னு அந்த சட்டத்துல எங்கயும் கிடையாது. ரிஜிஸ்ட்ரேஷன்ங்கிறது அமெரிக்காக்காரங்களோட பழக்கம். அதே மாதிரி எல்லைக்கோடுன்னு ஒண்ணு மேப்ல இருக்கும், ஆனா மக்கள் அதை கண்டுக்கவே மாட்டாங்க, பக்கத்து தெரு கோயிலைத் தாண்டி இருபது நிமிசம் கார் ஓட்டி பாட்டு நல்லாருக்கு, பிரசங்கம் சின்னதா இருக்கு, பசங்க கிளாஸ் நல்லாருக்குன்னு வேற பாரிஷுக்கு போவாங்க. ஜிம் தேடுற மாதிரி கோயில் தேடுறாங்கன்னு மொதல்ல எனக்கு எரிச்சலா இருந்துச்சு. போகப்போக, எப்படியோ அவங்களாவே தேடித்தான போறாங்கன்னு தோணிருச்சு, இப்ப நானும் பதினஞ்சு நிமிசம் ஓட்டித்தான் போறேன்.

ஏன் இப்படின்னா அதுக்கு வேர் அரசியல் சட்டத்துல இருக்கு. 1791ல வந்த முதல் திருத்தம், அரசாங்கம் எந்த மதத்தையும் அரசு மதமா வைக்கக்கூடாது, யாரோட மத சுதந்திரத்துலயும் கை வைக்கக்கூடாதுன்னு சொல்லுது. அது மத்திய அரசுக்குத்தான், மாநிலங்கள் சிலது அதுக்கப்புறமும் தன் சபைக்கு வரிப்பணம் குடுத்துட்டுதான் இருந்துச்சு, கடைசியா மாசசூசெட்ஸ் 1833ல விட்டுச்சு. அதுக்கப்புறம் எந்த கோயிலுக்கும் எந்த சபைக்கும் அரசாங்கத்து சம்பளம் கிடையாது. ஜெர்மனியில பாருங்க, கத்தோலிக்கர்னு பதிவுல இருந்தா வருமான வரி மேல எட்டு இல்லன்னா ஒம்பது சதவீதம் சபை வரின்னு அரசாங்கமே பிடிச்சு சபைக்கு குடுத்துரும், நீங்க பூசைக்கு போனாலும் போகாட்டியும். இங்க அப்படி இல்ல, ஆள் வந்தாதான் கோயில், காசு போட்டாதான் கரண்ட் பில். ஒரு வகையில பாத்தா அமெரிக்க மத வாழ்க்கையில இருக்குற சுறுசுறுப்பு, விளம்பரம், வாசல்ல நின்னு கை குடுத்து வரவேற்கிற ஆளுங்க, எல்லாமே இந்த ஒரு விசயத்துல இருந்து வர்றதுதான்.

அதனால காசு பத்தி வெட்கப்படாம பேசிருவோம், ஏன்னா பாரிஷ் ஆபீசும் வெட்கப்படாது. பேர் குடுத்த சில வாரத்துல வீட்டுக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டி வரும், உள்ள வருசத்துல இருக்குற ஒவ்வொரு ஞாயிறுக்கும் தேதி அடிச்ச கவர், ஒவ்வொரு கவர்லயும் உங்க நம்பர். நடுவுல கலர் கலரா வேற கவரும் இருக்கும், ஈஸ்டர் பூவுக்கு, மிஷனுக்கு, நவம்பர் மாசம் இறந்தவங்க பேர் எழுதிப் போட, வயசான கன்னியாஸ்திரிகளுக்கு. காணிக்கை நேரத்துல நீளக் காம்பு வச்ச கூடையை அஷர், அதாவது கோயில் தொண்டர், பெஞ்சு பெஞ்சா நீட்டுவார், கவரைப் போடணும். நம்பர் எதுக்குன்னா ஜனவரியில கணக்கு வரும், போன வருசம் நீங்க குடுத்தது இவ்வளவுன்னு, அதை வரி கணக்குல காட்டி கழிக்கலாம், ஒரே தடவையா 250 டாலரோ அதுக்கு மேலயோ குடுத்தா எழுத்துல ரசீது இல்லாம கழிக்க முடியாது. இப்ப நெறைய பேர் ஆன்லைன்ல மாசாமாசம் போற மாதிரி போட்டு வச்சுட்டு கூடை வரும்போது சும்மா உக்காந்திருப்பாங்க, பக்கத்துல இருக்குறவங்க தப்பா நினைச்சுக்குவாங்களோன்னு, நான் ஆன்லைன்ல குடுத்துட்டேன்னு அச்சடிச்ச அட்டையை கூடையில போடுற வசதிகூட சில பங்குல இருக்கு. இத பாத்துட்டு நான் சிரிச்ச சிரிப்பு எனக்குத்தான் தெரியும்.

வர்ற காசுல ஒரு பகுதி மறைமாவட்டத்துக்கு போகும், மிச்சத்துல சம்பளம், இன்சூரன்ஸ், கூரை, ஹீட்டர், பனி அள்ளுற கான்ட்ராக்டர். குளிர் ஊர்ல பழைய கல் கோயிலை சூடாக்குற செலவு இருக்கே, பாதி பேருக்கு பிரசங்கத்தை விட பாய்லர் பத்தின அறிவிப்புதான் ஞாபகம் இருக்கும். வரவு செலவைப் பாக்க ஒவ்வொரு பங்குலயும் நிதிக்குழு கட்டாயம் இருக்கணும்னு திருச்சபைச் சட்டமே சொல்லுது, ஆனா அதுவும் ஆலோசனை சொல்லத்தான், முடிவு சாமியாரோடது. புல்லட்டின்னு வாராவாரம் ஒரு பேப்பர் குடுப்பாங்க, அதுல போன ஞாயிறு காணிக்கை எவ்வளவு, தேவை எவ்வளவு, பற்றாக்குறை எவ்வளவுன்னு டாலர் கணக்கா போட்டிருப்பாங்க. பின்பக்கம் பூரா பிளம்பர், பல் டாக்டர், அடக்கம் பண்ற ஃபியூனரல் ஹோம் விளம்பரம்.

வேலை யார் செய்றாங்கன்னு பாத்தா, சாமியார் ஒருத்தர்தான் இருப்பார், சில இடத்துல அவருக்கே ரெண்டு மூணு கோயில். அவரும் நைஜீரியாவுல இருந்தோ இந்தியாவுல இருந்தோ வந்தவரா இருக்குறது இப்ப சகஜம். ஒரு காலத்துல ஐரோப்பாவுல இருந்து நம்ம பக்கம் மிஷனரி வந்த மாதிரி இப்ப நம்ம பக்கத்துல இருந்து இங்க. அவருக்கு அடுத்து டீக்கன், அதாவது திருத்தொண்டர். பெரும்பாலும் கல்யாணமாகி குடும்பமா இருக்குற ஆம்பளைங்க, பகல்ல வேற வேலை பாத்துட்டு ஞானஸ்நானம், கல்யாணம், பிரசங்கம் எல்லாம் செய்யலாம், பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேக்கவும் முடியாது. உலகத்துலயே இப்படிப்பட்ட டீக்கன்கள் அதிகமா இருக்குற நாடு இதுதான். மறைக்கல்விக்கு ஒரு பொறுப்பாளர், பாட்டுக்கு ஒருத்தர், மிச்சம் எல்லாமே வாலன்டியர். நற்கருணை குடுக்குறது, வாசகம் வாசிக்கிறது, பசங்களுக்கு புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) பாடம் எடுக்குறது, நோயாளி வீட்டுக்கு போறது, எல்லாத்துக்கும் ஷீட்ல பேர் எழுதணும். பசங்களோட யார் பழகினாலும் பேக்ரவுண்ட் செக், பாதுகாப்பு பயிற்சி, பல இடத்துல கைரேகையும் முடிச்சாதான் உள்ள விடுவாங்க. அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப எனக்கு பிடிச்ச விசயத்துக்கு வரேன், ஃபிஷ் ஃப்ரை, அதாவது தவக்கால வெள்ளிக்கிழமையில மீன் பொரிச்சு விக்கிற பங்குச் சாப்பாடு. தவக்காலத்துல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள்ல, வெள்ளிக்கிழமை பதினாலு வயசு ஆன கத்தோலிக்கர் இறைச்சி சாப்பிடக்கூடாது, மீன் சாப்பிடலாம். 1966 வரைக்கும் வருசம் பூரா எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், அப்புறம் அமெரிக்க ஆயர்கள் தளர்த்தி தவக்காலத்தோட நிறுத்திட்டாங்க. இந்த விதியாலதான் மெக்டொனால்ட்ஸ்ல மீன் பர்கரே வந்துச்சு. சின்சினாட்டியில கத்தோலிக்கர் நிறைஞ்ச ஏரியாவுல கடை வச்சிருந்த லூ குரோயன்ங்கிறவருக்கு வெள்ளிக்கிழமை ஆனா வியாபாரம் படுத்துரும், அவர் மீன் வச்சு ஒண்ணு செஞ்சார், கம்பெனி முதலாளி ரே க்ராக் அதுக்கு போட்டியா அன்னாசிப் பழத்தை வச்சு ஒண்ணு போட்டார், 1962ல ரெண்டையும் வித்துப் பாத்தாங்க, அன்னாசி தோத்துச்சு. அதுதான் ஃபிலே ஓ ஃபிஷ்.

பாரிஷ் ஹால்ல நடக்குற ஃபிஷ் ஃப்ரை வேற லெவல். பிட்ஸ்பர்க், கிளீவ்லண்ட், மில்வாக்கி, செயின்ட் லூயிஸ் பக்கம் இது ஊர்த் திருவிழா மாதிரி, பிட்ஸ்பர்க்ல எந்தக் கோயில்ல என்ன மெனுன்னு மேப்பே போட்டு வச்சிருக்காங்க. கத்தோலிக்கரே இல்லாதவங்கதான் வரிசையில பாதி. நான் முதல் வருசம் எண்ணெய்ச் சட்டி பக்கம் நின்னேன். நாலு மணிக்கே போயிரணும், காட் மீன் துண்டுகளை பேப்பர் டவல்ல ஒத்தி ஈரத்தை எடுக்கணும், ஈரம் இருந்தா மாவு ஒட்டாது, எண்ணெய் முகத்துல தெறிக்கும். மாவு கரைக்கிற பெரியவர், ரிட்டயர்ட் ஃபயர்மேன், யாரையும் கரண்டியத் தொட விடமாட்டார். நம்ம ஊர் பஜ்ஜி மாவு பதம்தான், அதை அவர்கிட்ட சொன்னேன், பஜ்ஜின்னா என்னன்னு கேட்டார், அடுத்த வெள்ளி வாழைக்காய் கொண்டு போய் அதே மாவுல முக்கிப் போட்டுக் குடுத்தேன், தலையை மட்டும் ஆட்டுனார். அந்தப் பக்கம் போலந்து வம்சாவளி பாட்டிங்க வரிசையா உக்காந்து பியரோகி மடிச்சிட்டு இருப்பாங்க, கொழுக்கட்டை மடிக்கிற அதே விரல் வேகம். ஹால்ல கோல்ஸ்லா, மேக் அண்ட் சீஸ், மூலையில குலுக்கல் சீட்டு. ஒருத்தர் பேரையும் தெரியாம மூணு வருசம் பூசைக்கு போன நான் அந்த ஏழு வெள்ளிக்கிழமையில முப்பது பேரை பேர் சொல்லி கூப்பிட ஆரம்பிச்சேன்.

இந்த ஃப்ரை நடத்துறது பெரும்பாலும் நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்ங்கிற ஆம்பளைங்க சங்கம். அது தொடங்குன கதைதான் எனக்கு முக்கியமா படுது. 1882ல கனெடிகட், நியூ ஹேவன்ல மைக்கேல் மெக்கிவ்னின்னு ஒரு இளம் சாமியார், அவர் பங்குல ஐரிஷ் கூலித் தொழிலாளிங்க குடும்பம் அதிகம், அப்பா செத்துட்டா குடும்பம் தெருவுக்கு வந்துரும், புள்ளைங்கள பிரிச்சு எங்கயாவது விட்டுருவாங்க. அதுக்காக ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, செத்தவர் குடும்பத்துக்கு குடுக்குற ஒரு இன்சூரன்ஸ் சங்கமா கோயில் அடித்தளத்துல தொடங்குனார். இன்னைக்கும் அது ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிதான். அவருக்கு 2020ல முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) குடுத்தாங்க. அரசாங்கம் கை குடுக்காத நேரத்துல பங்குதான் எல்லாமுமா இருந்துச்சு.

அந்தக் காலத்துல பங்கு சாதி மாதிரி பிரிஞ்சும் இருந்துச்சு, சாதி இல்ல, நாடு. ஐரிஷ் கோயில், அதுக்கு ரெண்டு தெரு தள்ளி ஜெர்மன் கோயில், அப்பால போலந்து, அப்பால இத்தாலி. ஒரே மதம், ஒரே லத்தீன் பூசை, ஆனா பிரசங்கமும் பாவசங்கீர்த்தனமும் அவங்கவங்க பாஷையில வேணும்ல. ஆயர்கள் பெரும்பாலும் ஐரிஷ், அது மத்தவங்களுக்கு கடுப்பு, ஸ்க்ராண்டன்ல போலந்துக்காரங்க 1897ல தனியா பிரிஞ்சு போய் தனி சபையே வச்சுட்டாங்க. இப்ப அந்த இடத்துல ஸ்பானிஷ் பேசுறவங்க. டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாளுக்கு விடியற்காலையில மரியாச்சிங்கிற மெக்சிகோ பேண்டோட வந்து மாதாவுக்கு பாட்டு பாடுவாங்க, அத பாத்தா வேளாங்கண்ணி ஞாபகம் வராம இருக்காது. வேளாங்கண்ணின்னதும் ஒண்ணு சொல்லணும், வாஷிங்டன்ல இருக்குற தேசிய மாதா பசிலிக்காவுல ஒவ்வொரு நாட்டு மக்களும் அவங்கவங்க மாதாவுக்கு பீடம் வச்சிருக்காங்க, அதுல நம்ம ஆரோக்கிய மாதாவுக்கும் 1997ல இருந்து ஒரு சிற்றாலயம் இருக்கு. செப்டம்பர்ல இந்தியக் கூட்டம் சேலை, வேட்டியோட திருப்பயணம் போகும்.

ஸ்கூல் கதை கொஞ்சம் பெருசு, சுருக்கிச் சொல்றேன். 19ஆம் நூற்றாண்டு அரசுப் பள்ளிங்கள்ல புராட்டஸ்டண்ட் பைபிளைத்தான் வாசிக்க வச்சாங்க, எங்க புள்ளைங்க எங்க பைபிளை வாசிக்கட்டும்னு கத்தோலிக்கர் கேட்டதுல 1844ல பிலடெல்பியாவுல கலவரமே வந்து கோயிலை எரிச்சாங்க. உங்க பள்ளியே வேணாம்னு 1884ல பால்டிமோர்ல கூடுன ஆயர் மாமன்றம், ஒவ்வொரு பங்கும் ரெண்டு வருசத்துக்குள்ள ஒரு பள்ளி கட்டணும்னு உத்தரவு போட்டுச்சு. எல்லாரும் கட்டல, ஆனா 1960கள்ல அஞ்சு மில்லியனுக்கு மேல பிள்ளைங்க கத்தோலிக்க பள்ளியில படிச்சாங்க. நடுவுல ஒரேகன் மாநிலம் எல்லா புள்ளையும் அரசுப் பள்ளிக்குத்தான் வரணும்னு சட்டம் போட்டுச்சு, கன்னியர் சபை ஒண்ணு கேஸ் போட்டு 1925ல சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சாங்க. இவ்வளவு பள்ளியும் ஓடுனதுக்கு ரகசியம் ஒண்ணுதான், டீச்சருங்க கன்னியாஸ்திரிங்க, சம்பளம்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்ல. 1965 வாக்குல கிட்டத்தட்ட 1,80,000 சிஸ்டர்ஸ் இருந்தாங்க, இப்ப 40,000க்கும் கீழ. டீச்சருக்கு சம்பளம் குடுக்க வேண்டி வந்ததும் ஃபீஸ் ஏறுச்சு, ஒவ்வொரு பள்ளியா மூட ஆரம்பிச்சாங்க. வயசான கன்னியாஸ்திரிகளுக்குன்னு ஒரு கவர் இருக்குன்னு சொன்னேன்ல, அது பழைய சம்பள பாக்கின்னு நான் எடுத்துக்குவேன்.

கத்தோலிக்கர்னா ரோமுக்கு விசுவாசம், நாட்டுக்கு இல்லன்னு ரொம்ப நாள் சந்தேகமாத்தான் பாத்தாங்க. 1928ல ஜனாதிபதி தேர்தல்ல கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் தோத்ததுக்கு அவர் மதமும் ஒரு காரணம். 1960ல கென்னடி ஹூஸ்டன்ல போதகர்கள் கூட்டத்துக்கு நேரடியா போய், நான் கத்தோலிக்க வேட்பாளர் இல்ல, கத்தோலிக்கனா இருக்குற டெமாக்ரடிக் வேட்பாளர்னு விளக்கம் சொல்ல வேண்டியிருந்துச்சு. இன்னைக்கு அந்தக் கேள்வியையே யாரும் கேக்குறதில்ல. பல கோயில்ல பீடத்துக்குப் பக்கத்துல ஒரு புறம் அமெரிக்கக் கொடி, மறுபுறம் போப்பாண்டவர் கொடி நிக்கும். சண்டை இப்ப உள்ளுக்குள்ள, ஒரே பெஞ்சுல கருக்கலைப்பு எதிர்ப்பு பேட்ஜ் குத்துன ஒருத்தர், குடியேறிகளை நாடு கடத்தாதேன்னு போர்டு பிடிக்கிற ஒருத்தர், ரெண்டு பேரும் திருச்சபை போதனையைத்தான் காட்டுவாங்க. சமாதானம் சொல்லும்போது கை குடுத்துக்குவாங்க. காபி டோனட் நேரத்துல வேற வேற மேசை.

இனி கசப்பான பகுதி. 2002ல பாஸ்டன்ல, சிறுவர்களைச் சீரழிச்ச சாமியார்களை மேலிடம் மூடி மறைச்சு பங்கு பங்கா மாத்துனது பத்திரிகையில வெளிய வந்துச்சு, அந்த வருச கடைசியில பாஸ்டன் பேராயர் கார்டினல் பெர்னார்ட் லா ராஜினாமா பண்ணாரு. அப்புறம் நாடு பூரா வழக்கு, 2004ல போர்ட்லண்ட்ல தொடங்கி முப்பதுக்கு மேற்பட்ட மறைமாவட்டம் திவால் மனு குடுத்துச்சு. கைரேகையும் பயிற்சியும் இதனாலதான். எனக்கு கைரேகை எடுத்தப்ப கொஞ்சம் மானக்கேடா இருந்துச்சு, ஆனா எடுக்கட்டும், இன்னும் பத்து தடவை எடுக்கட்டும்.

ஆளும் குறைஞ்சுட்டே வருது, இது கத்தோலிக்கருக்கு மட்டும் இல்ல. கேலப்ங்கிற கருத்துக்கணிப்பு நிறுவனத்தோட கணக்குல 1999ல 70 சதவீதம் அமெரிக்கர் ஏதோ ஒரு சர்ச், சினகாக் (யூதர் ஆலயம்), மசூதியில உறுப்பினர், 2020ல அது 47. பேர் குடுத்து சேர்றதுன்னு இருந்தா பேரை எடுத்துட்டு போறதும் சுலபம்தான். நாட்டோட முதல் மறைமாவட்டம் பால்டிமோர், 1789ல வந்தது, அங்க 2024ல நகரத்துலயும் அதைச் சுத்தியும் இருந்த 61 பங்கை 23 ஆக்கிட்டாங்க. 2025 மே மாசம் முதல் முறையா ஒரு அமெரிக்கர், பதினாலாம் லியோ, போப்பாண்டவர் ஆனாரு, அவர் சின்ன வயசுல பூசைக்கு போன சிகாகோ தெற்குப் பக்கத்து பங்குக் கோயில் அதுக்கு ரொம்ப முன்னாடியே மூடிக் கிடக்குது.

எங்க பங்கும் போன வருசம் பக்கத்து பங்கோட இணைஞ்சிருச்சு. புது பேர், புது பெட்டி கவர், எனக்கு புது நம்பர். சூசையப்பர் சுரூபம் ரெண்டு ஆயிருச்சு, ஒண்ணை ஹால்ல வச்சிருக்காங்க. பூசை நேரம், பாட்டுக் குழு, நிதிக்குழு எல்லாம் ஒரு வழியா பேசி முடிச்சாச்சு. ஃபிஷ் ஃப்ரை மட்டும் இழுத்துட்டு இருக்கு, அந்தக் கோயில்காரங்க மீனை சோள மாவுல பிரட்டிப் போடுறவங்க, எங்க ஃபயர்மேன் பெரியவர் பீர் ஊத்திக் கரைக்கிற மாவைத் தவிர எதுவும் மாவே இல்லங்கிறார். தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, சாமியார் ரெண்டு சட்டி வாங்கிக்கலாமான்னு நிதிக்குழுகிட்ட கேட்டிருக்காராம்.